அந்த 4096 எண்களும் உனக்குப் படிக்க வரும்

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கைவிட்டால் ஓர் அலுமினியப் பெட்டி தட்டுப்படும். அதைத் திறந்தால் ஒரு சிப். நீளம் என் கட்டைவிரலின் மேல்கணு அளவு. கொள்ளளவு 4 கிலோபைட், அதாவது 4096 எண்கள். 1990ஆம் ஆண்டுச் செவ்ரோலே பிக்கப் டிரக்கின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினுக்கு எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்ற அளவுகள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன.

வெறும் 4096! உன் வீட்டு மளிகைக் கடைக்காரர் நாலு மாதத்தில் இதைவிட அதிக எண்களை எழுதிவிடுவார். ஆனாலும் அந்தப் பெட்டியின் மூடியைத் தொட எத்தனை பேருக்குக் கை நடுங்குகிறது தெரியுமா? எனக்கும் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வந்திருக்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். இன்று அமெரிக்காவில், டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் அதே வேலையைத்தான் பார்க்கிறேன். கையிலிருந்த காசுக்கு ஒரு பழைய பிக்கப் கிடைத்தது, வாங்கினேன். முதல் மாதமே அது தன் குணத்தைக் காட்டியது. சிக்னலில் நின்றால் ஸ்லோவில் நிற்காது, குலுங்கி அணையும். சைலன்சர் பக்கம் நின்றால் பெட்ரோல் நாற்றம் கண்ணைக் கரிக்கும். ஏற்றம் வந்தாலோ நேர்மாறாக இழுவையே இருக்காது, மிஸ்ஸிங் அடிக்கும். கேலனுக்கு 11 மைல்தான் கொடுத்தது.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பானட்டைத் திறந்து பார்த்தார். ஒரு வயரைக்கூடச் செருகிப் பார்க்கவில்லை. “அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குப்பை. கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக்கொள்” என்றார். “கம்ப்யூட்டரையே சரி செய்ய முடியாதா?” என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது உனக்குப் புரியாது.”

புரியாது!

இந்தச் சொல்லை உன்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? கணக்கு உனக்கு வராது. இங்கிலீஷ் உன் நாக்கில் நிற்காது. மெஷின் வேலை உனக்குச் சரிப்படாது. சொன்னவரில் ஒருவராவது உன்னை அளந்து பார்த்துச் சொன்னாரா? வயரைச் செருகாமலே தீர்ப்பு எழுதிய அந்தப் பட்டறைக்காரரைப் போலத்தான் எல்லாரும். அளக்காதவன் எழுதிய தீர்ப்புக்கு நீ ஏன் தலைகுனிகிறாய்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டிக்காக இல்லை. “புரியாது” என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேனே, அந்தத் தலையாட்டலுக்காக.

விடிந்ததும் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட உடம்பு சிலிர்த்தது. 1990களிலேயே, இந்தக் கம்பெனி வண்டிகளின் சிப்பை வீட்டு மேசையில் வைத்து, ஒவ்வொரு பைட்டாகப் படித்து, இது எரிபொருள் அட்டவணை, இது தீப்பொறி அட்டவணை என்று பெயர் எழுதி வைத்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் மாலை வேளைகளில் உட்கார்ந்து செய்த வேலை அது. அவர்கள் எழுதி வைத்த வரைபடத்தை டியூனர்ப்ரோ போன்ற மென்பொருளில் ஏற்றினால், சிப்புக்குள் இருக்கும் எண்கள் கட்டம் கட்டமாகத் திரையில் விரிகின்றன. புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் இன்னும் ஒரு படி மேலே போய், மெகாஸ்குவர்ட் என்று முழு எஞ்சின் கம்ப்யூட்டரையே வீட்டில் சால்டரிங் செய்து கட்டிக்கொள்ளும்படி வடிவமைத்துக் கொடுத்தார்கள். இவர்களிடமும் யாரோ ஒருவர் “அது உனக்குப் புரியாது” என்று சொல்லாமலா இருந்திருப்பார்?

சரி, அந்த அட்டவணை என்னதான் சொல்கிறது? பயப்படாதே, என்னோடு வா.

இடமிருந்து வலமாக எஞ்சின் சுழலும் வேகம், அதாவது ஆர்.பி.எம். மேலிருந்து கீழாக இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் காற்றழுத்தம், கிலோபாஸ்கலில். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கும், கடல் மட்டத்தில் ஏறக்குறைய 100. காலை எடுத்தால் இறங்கிவிடும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில், சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றை உண்மையில் உள்ளே இழுக்கிறது என்பதன் மதிப்பீடு அது. காற்று எவ்வளவு என்று தெரிந்தால் பெட்ரோல் எவ்வளவு என்பது வெறும் வகுத்தல். எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்.

மதிப்பீடு என்று சொன்னேன், கவனித்தாயா? இந்தக் கம்ப்யூட்டர் காற்றைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. காற்றை நேரடியாக அளக்கும் கருவி இந்த வண்டியில் கிடையாது. தொழிற்சாலையில் புது எஞ்சினை ஓட்டிப் பார்த்து எழுதிய எண்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. என் வண்டியை எனக்கு முன் வைத்திருந்தவர் கேம் ஷாஃப்டை மாற்றியிருந்தார், சைலன்சர் குழாய்களை மாற்றியிருந்தார், சிப்பை மட்டும் மாற்றவில்லை. கடையில் சரக்கு மாறிவிட்டது, விலைப் பட்டியல் பழையது! புதுக் கேமால் ஸ்லோவில் மேனிஃபோல்ட் அழுத்தம் கூடியது. காற்று அதிகம் வருகிறது என்று கம்ப்யூட்டர் நம்பி, தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டியது. அதுதான் அந்த நாற்றம். நடுத்தர வேகத்தில் புதுக் குழாய்கள் எஞ்சினை நன்றாக மூச்சுவிட வைத்தன, அட்டவணையோ பழைய மூச்சுக்கே பெட்ரோல் அளந்தது. அதுதான் ஏற்றத்தில் இழுவை போன கதை. எஞ்சினும் நல்ல எஞ்சின், கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர். இரண்டுக்கும் இடையில் கணக்குத்தான் ஒத்துப்போகவில்லை.

கணக்கு ஒத்துப்போகவில்லையா? அப்படியானால் அது என் வேலை அல்லவா!

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நினைவிருக்கும். நம் ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, வங்கியின் பாஸ்புக்கில் வேறொரு இருப்பு. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒவ்வொரு பதிவாகத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த டிரக்குக்குள் நடப்பதும் அதுவேதான். அட்டவணை ரொக்க ஏடு. சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் பாஸ்புக். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும், அது லீன். பெட்ரோல் மிச்சமிருந்தால் 0.9 பக்கம் ஏறும், அது ரிச். 0.45 வோல்ட் எல்லைக்கோடு. கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். இதே திருத்தம் தொடர்ந்து தேவைப்படுகிறது என்று தெரிந்தால் அதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். எழுதி வைக்கும் அந்த எண்ணுக்கு பி.எல்.எம். என்று பெயர். எட்டு பிட் எண், 0 முதல் 255 வரை, நடுப்புள்ளி 128. பி.எல்.எம். 128 என்று நின்றால் ஏடும் பாஸ்புக்கும் ஒத்துப்போகின்றன. 128க்கு மேல் என்றால் “அட்டவணை சொன்னது போதவில்லை, நான் கூட்டிக் கொடுக்கிறேன்” என்று பொருள். கீழே என்றால் “அதிகம், நான் குறைக்கிறேன்.”

முதன்முதலாக என் வண்டியின் எண்ணைத் திரையில் பார்த்தபோது 141 என்று நின்றது. 141ஐ 128ஆல் வகுத்தால் 1.10. அந்த இடத்தில் அட்டவணை பத்து சதவீதம் குறைவாகச் சொல்கிறது! கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. எத்தனை வருடமாக இந்த ஏழை இயந்திரம் தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, எண்ணாக எழுதி, கேட்பவருக்குச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தது! கேட்கத்தான் ஒருவரும் வரவில்லை. “குப்பை” என்றுதான் சொன்னார்கள்.

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நில். விடியற்காலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும், என்னால் முடியும்” என்று நூறு முறை கத்தச் சொல்கிறார்கள். நானும் கத்திப் பார்த்தவன். பத்து மணிக்கு மேனேஜர் ஒரு கேள்வி கேட்டதும் அந்தக் கத்தல் ஆவியாகிப் போகும். என்னை நிமிர வைத்தது அந்தக் கத்தல் அல்ல, இந்த 141. நான் எங்கே தவறு, எவ்வளவு தவறு என்பது எனக்கு எண்ணாகத் தெரிந்துவிட்டது. பத்து சதவீதத் தவறு என்றால் பத்து சதவீதத் திருத்தம், அவ்வளவுதானே! “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று புலம்புகிறவனுக்குத் தன் தவறின் அளவே தெரியாது. அளவு தெரியாததால்தான் அது அவனுக்கு மலையாகத் தெரிகிறது.

ஆனால் உடனே சிப்பைப் பிடுங்காதே. பொறு!

பொய் சொல்லும் சாட்சியை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது. முதலில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 12 முனை இணைப்பியைத் தேடு. வளைத்த பேப்பர் கிளிப்பால் ஏ, பி என்ற இரண்டு முனைகளை இணைத்துச் சாவியைப் போடு, எஞ்சினை ஓட்டாதே. செக் எஞ்சின் விளக்கு ஒரு முறை மின்னும், சற்று நிறுத்தி இரண்டு முறை மின்னும். அது 12ஆம் கோடு. “நான் விழித்திருக்கிறேன், பேசலாம்” என்று கம்ப்யூட்டர் சொல்லும் வணக்கம் அது. பேப்பர் கிளிப்! அதற்கு விலை என்ன சொல்? 12க்குப் பிறகு 44 வந்தால் லீன் என்று புகார், 45 வந்தால் ரிச் என்று புகார். இருக்கிற புகார்களை முதலில் தீர்.

பிறகு தீப்பொறி நேரம். கம்ப்யூட்டர் நேரத்தை மாற்றிவிடாதபடி அதற்குரிய ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு, டைமிங் லைட் அடித்துப் பார்த்து, சுழியம் டிகிரியில் டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்த வேண்டும். என் வண்டியில் ஆறு டிகிரி பிசகியிருந்தது. அடுத்தது பெட்ரோல் அழுத்தம். த்ராட்டில் பாடியில் மேலிருந்து தெளிக்கும் இந்த வகை எஞ்சினுக்கு 9 முதல் 13 பி.எஸ்.ஐ. வரைதான் வேண்டும். பம்ப் களைத்துப்போய் அழுத்தம் குறைந்திருந்தால், நீ அட்டவணையை எத்தனை அழகாகத் திருத்தினாலும் அது பம்பின் நோயை ஏட்டில் எழுதி வைத்த மாதிரிதான்.

அடுத்தது எக்ஸாஸ்ட் கசிவு. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வாரம் என்னை அலைக்கழித்தது அதுதான். இந்த டிரக்குகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் ஒடிவது வெகு சகஜம். ஒடிந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது “டிக் டிக்” என்று ஒரு சத்தம் வரும், சூடேறியதும் உலோகம் விரிந்து அடங்கிவிடும். புகை வெளியே கசிந்தால் போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு சென்சார் “லீன்! லீன்!” என்று கூவுகிறது. நல்ல எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் வீணாகப் பெட்ரோலை ஊற்றுகிறது. போல்ட்டைச் சரிசெய்யாமல் நான் எடுத்த முதல் ஏழு பதிவுகளையும் அழித்தேன். ஏழும் பொய். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் அழித்தேன். தப்பான பாஸ்புக்கை வைத்துச் சரிக்கட்டிய கணக்கை எந்த ஆடிட்டர் ஏற்பார்?

இனிப் பதிவு. லாக் என்று சொல்வார்கள், எனக்கு அது நாளேடு. லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள் அந்த 12 முனை இணைப்பிக்கு. என் வண்டியின் கம்ப்யூட்டர் நொடிக்கு 160 பிட் வேகத்தில்தான் பேசும். 1994, 1995 மாடல்களின் கம்ப்யூட்டர் 8192 வேகத்தில் பேசும். என்னுடையது அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. எல்லா அளவுகளையும் ஒரு சுற்றுச் சொல்லி முடிக்க ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே இது எனக்குப் பொறுமையைப் பாடமாக நடத்தியது. ஆக்சிலரேட்டரை மிதித்து, விட்டு, மிதித்து ஓட்டினால் பதிவில் குப்பைதான் சேரும். ஒரே வேகம், ஒரே அழுத்தம், பத்து நொடிக்குக் கால் அசையக்கூடாது. கண் சாலையில் இருக்க வேண்டும், திரையில் அல்ல. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எனக்கு அப்படி உட்கார்ந்தவள் என் மகள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் முணுமுணுத்துக்கொண்டே வருவாள், சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்ததும் முணுமுணுப்பு நின்றுவிடும்.

வந்த எண்களையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சின் முழுச்சூட்டுக்கு வராதபோது எடுத்தவற்றைத் தள்ளு. திடீரென்று மிதித்த நொடியில் கம்ப்யூட்டர் தனியாகக் கொஞ்சம் பெட்ரோல் சேர்க்கும், அதைத் தள்ளு. இறக்கத்தில் காலெடுத்த நொடிகளைத் தள்ளு. ஒரு கட்டத்தில் மூன்றே பதிவு இருந்தால் அந்தக் கட்டத்தை இன்று தொடாதே. முப்பது, நாற்பது பதிவு சேரட்டும், சராசரி எடு. ஒரு நாள் மார்க்கைப் பார்த்து உன் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டுகிறாயே, அப்போது எத்தனை பதிவு வைத்திருந்தாய்?

இன்னொன்று. எல்லாக் கட்டமும் ஒரே பக்கம், ஒரே அளவு பிசகியிருந்தால் அட்டவணையில் கை வைக்காதே. மண்டியில் ஒரு மூட்டை எடை குறைந்தால் மூட்டையைப் பார்ப்போம், எல்லா மூட்டையும் ஒரே அளவு குறைந்தால் தராசைப் பார்ப்போம். இங்கே தராசு என்பது பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டரின் அளவு, பெட்ரோலே கூடத்தான். அமெரிக்காவில் இன்று பங்கில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் உண்டு, அதனால் எல்லாக் கட்டமும் சில சதவீதம் லீன் பக்கம் சாயும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டியிருக்கவில்லை எனக்கு. பருப்பு மண்டித் தராசு போதுமானதாக இருந்தது. உனக்குத் தெரிந்த வேலையில் நீ கற்ற அறிவு அந்த வேலையோடு முடிந்துவிடுவதில்லை. நீ இட்லி மாவு அரைப்பவளா? கலவை விகிதம் உனக்குத் தெரியும். தறி ஓட்டுகிறவனா? சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ல உனக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு எந்தப் பெட்டியின் முன்னும் போய் நில்!

இப்போது என் தோல்வியைச் சொல்கிறேன். 1600 ஆர்.பி.எம்., 50 கிலோபாஸ்கல் கட்டம். போல்ட்டைச் சரிசெய்த பிறகும் அங்கே அதே 141தான். அட்டவணையில் எண் 42. அதை 1.10ஆல் பெருக்கி 46 என்று திருத்தினேன். பழைய சிப்பை அழிக்கப் புற ஊதா விளக்குக்குக் கீழே இருபது நிமிடம் வைக்க வேண்டும். வைத்தேன். புது எண்களை எழுதினேன். திசை மாற்றிச் செருகினால் சிப் செத்துவிடும் என்பதால் மூன்று முறை பார்த்துச் செருகினேன். ஓட்டினேன். பி.எல்.எம். 128க்கு வரவே இல்லை! 132இல் நின்றது. மறுபடி கணக்குப் பார்த்தேன், பெருக்கல் சரி. பதிவைப் பார்த்தேன், பதிவும் சரி. இரவு ஒரு மணி. “அது உனக்குப் புரியாது” என்ற அந்தக் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டரைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நானே நினைத்தேன். ஆமாம், நானே!

அப்போது எழுந்து முகம் கழுவிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். ரொக்க ஏடு ஒத்துப்போகாதபோது மண்டி முதலாளி எனக்குக் கற்றுத் தந்த பழக்கம் அது. யாரையும் திட்டாதே, முதல் பதிவிலிருந்து பார். பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் எரிபொருளுக்கு இரண்டு அட்டவணைகள். ஒன்று வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் சேர்த்து, மற்றொன்று வேகத்துக்கு மட்டும். இரண்டையும் கூட்டித்தான் அது பயன்படுத்துகிறது. 1600 ஆர்.பி.எம்.மில் இரண்டாவதில் 20 இருந்தது. மொத்தம் 62. 62ஐ அல்லவா நான் 1.10ஆல் பெருக்கியிருக்க வேண்டும்! 68 வரும். 20ஐக் கழித்தால் முதல் அட்டவணையில் 48. நானோ 46 எழுதியிருந்தேன், மொத்தம் 66. 68ஐ 66ஆல் வகுத்து 128ஆல் பெருக்கிப் பார்த்தேன். 132.

திரையில் நின்ற அதே 132!

தம்பி, அந்த நொடியை உனக்கு எப்படிச் சொல்வேன்! என் தவறு எண்ணாக மாறி என் முன்னால் வந்து நின்று, “நீ இங்கேதான் பிசகினாய்” என்று கைபிடித்துக் காட்டியது. நான் முட்டாள் என்று அந்த எண் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கூட்ட வேண்டியிருக்கிறது என்றுதான் சொன்னது. மறுநாள் 48 எழுதினேன். பி.எல்.எம். 127க்கும் 128க்கும் இடையில் ஆடியது. ஆறு வாரத்தில் நான் தினமும் ஓட்டும் பகுதியின் கட்டங்கள் எல்லாம் 125க்கும் 131க்கும் நடுவில் வந்துவிட்டன. சிக்னலில் வண்டி அசையாமல் நிற்கிறது. கேலனுக்கு 13 மைல் கொடுக்கிறது. அந்தப் பட்டறைக்கு நான் திரும்பிப் போகவில்லை, போய்க் காட்ட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

துணிச்சலுக்கும் எல்லை எங்கே என்று சொல்லாமல் விட்டால் நான் உனக்குத் துரோகம் செய்தவனாவேன். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே ரிச்சாகக் கொடுக்கும். அந்த இடத்தில் பி.எல்.எம்.மை நம்பித் திருத்தாதே. பழைய சென்சாருக்கு 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. அங்கே வைட்பேண்ட் சென்சார் வேண்டும், பாஷ் கம்பெனியின் எல்.எஸ்.யு. 4.9 போல ஒன்று. முழுச் சுமையில் லீனாக ஓடினால் எஞ்சின் நாக்கிங் அடித்து பிஸ்டனே உருகிவிடலாம். நான் வைட்பேண்ட் வாங்கும்வரை நாலு மாதம் அந்தக் கட்டங்களைத் தொடவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

இதையும் கேட்டுக்கொள். புகை கட்டுப்படுத்தும் கருவிகளைக் கழற்றி எறிவதற்குப் பெயர் டியூனிங் அல்ல. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அதற்குத் தடை உண்டு. கலிஃபோர்னியாவில் பழைய பெட்ரோல் வண்டிகளில் 1975 மாடலுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும்தான் புகைச் சோதனையிலிருந்து விலக்கு. மாநிலம் எதுவானாலும், எந்தச் சோதனையும் இல்லாவிட்டாலும், நீ வெளியே விடும் புகையை உன் தெருக் குழந்தைதான் சுவாசிக்கிறது. பெட்ரோல் நாற்றத்தோடு ஓடிய என் வண்டி இன்று சுத்தமாக எரிக்கிறது. எனக்கு 2 மைல் கூடுதலாகக் கிடைத்ததைவிடப் பெரிய நிம்மதி அது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பதினேழு வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

“இன்னைக்கு நான் ஓட்றேன்ப்பா. நீங்க படிங்க.”

லேப்டாப் என் மடிக்கு வந்தது. ஊருக்கு வெளியே அந்த நீண்ட ஏற்றத்துக்கு வண்டியை ஏற்றினாள். கால் அசையவில்லை. என் காலைவிட அவள் கால் நிதானம்.

“2400ல நிக்குதாப்பா?”

“நிக்குதும்மா. 70 கிலோபாஸ்கல்.”

“எவ்வளவு?”

“134.”

“எத்தனை ரீடிங் சேந்திருக்கு?”

“பதினொண்ணு.”

“பத்தாது” என்றாள். உச்சியில் வண்டியைத் திருப்பி, மீண்டும் ஏற்றத்தின் அடிவாரத்துக்கு இறக்கினாள்.